கறுப்புவெள்ளை ஜோசியர்

புதிதாகத் திறக்கிற டிபன் ஹோட்டல்களுக்கு இப்போது ஒரு வியாதி பிடித்திருக்கிறது. சுவரில் பிள்ளையார் படம் ஒன்று, முதலாளியின் அப்பா படம் ஒன்று, மீதி இடமெல்லாம் பழைய மெட்ராஸ். டிராம் வண்டி, கைரிக்‌ஷா, ஆளில்லாத மவுண்ட் ரோடு. அலங்காரம் என்று நினைத்துத்தான் மாட்டுகிறார்கள். அது எப்பேர்ப்பட்ட ஆசாமியைக் கடைக்குள் இழுத்து வரும் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆசாமி குடும்பத்தோடுதான் வருவார். மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரன். சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்கும்போது அவர் நாற்காலி காலியாக இருக்கும். நாலு மேஜை தள்ளி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் சாய்ந்து, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டிருப்பார்.

"சார், சித்த நகர்ந்துக்கோங்கோ. உங்க தலைக்குப் பின்னால ஹிக்கின்பாதம்ஸ் இருக்கு."

வாயில் பாதி வடையோடு அந்த மனிதர் திரும்பிப் பார்க்கிறார். புத்தகக் கடையைக் காணோம். சுவர்தான் இருக்கிறது.

"மவுண்ட் ரோடு, 1900-ன்னு கீழே அச்சடிச்சிருக்கான். ஹிக்கின்பாதம்ஸ் இப்போ இருக்கிற கட்டடத்துக்கு வந்ததே 1904. நாலு வருஷம் முன்னாடியே எப்படி ஃபோட்டோல வந்து நிக்கும்? நீங்களே சொல்லுங்கோ."

வடைக்காரர் என்ன சொல்வார்? சாம்பார் ஆறுகிறது என்று சொல்லத் தோன்றும், நாகரிகம் தடுக்கும். இதற்குள் மேனேஜர் வந்துவிடுவார். மேனேஜருக்கும் 1904 சொல்லப்படும். திருத்தி எழுதச் சொல்லி ஒரு பென்சிலும் நீட்டப்படும்.

இவரை நான் கறுப்புவெள்ளை ஜோசியர் என்றுதான் சொல்வேன். ஜாதகக் கட்டத்தைப் பார்த்துப் பிறந்த நேரம், பிறந்த ஊர், குடும்ப விவகாரம் எல்லாவற்றையும் சொல்கிறவருக்கும் இவருக்கும் தொழிலில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் வரப்போவதைச் சொல்கிறார், இவர் போனதைச் சொல்கிறார். அவராவது தட்சிணை வாங்குகிறார்.

பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். ஏதாவது கணக்கு அலுவலகத்திலோ தொலைபேசித் துறையிலோ முப்பத்தைந்து வருஷம் இருந்திருப்பார். அந்த முப்பத்தைந்து வருஷமும் ஊரைப் பார்க்க நேரம் கிடைத்திருக்காது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் பேப்பர்தான் படித்திருப்பார். ரிட்டயர்டு ஆன மறுமாதம் யாரோ எஸ். முத்தையாவின் மெட்ராஸ் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார்கள். அதோடு சரி. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே என்று 2004-லிருந்து கொண்டாட ஆரம்பித்தார்களே, அந்த மாதம் முழுக்க அவரை வீட்டில் பார்க்க முடியாது. கண்காட்சிக்குக் கண்காட்சி போய், படங்களுக்குக் கீழே ஒட்டியிருக்கும் குறிப்புகளில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், ஆளுக்குச் சரக்கு உண்டு. ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்தால் முதலில் கட்டடத்தைப் பார்க்கமாட்டார். அது சின்னப்பிள்ளைகள் செய்வது. ஓரங்களைப் பார்ப்பார். கம்பி, கம்பம், நிழல், குப்பைத்தொட்டி. டிராம் கம்பி தெரிந்தால் 1895-க்குப் பின், 1953-க்கு முன். ஸ்பென்சர் பக்கத்தில் பீடத்தின்மேல் ஒரு வெள்ளைக்காரத் தளபதி நின்றால் அது நீல் சிலை. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை அதைத் தூக்கி மியூசியத்துக்கு அனுப்பிவிட்டதால் படம் அதற்கு முந்தையது. வாலாஜா ரோடு முனையில் அண்ணா சிலை இல்லையென்றால் 1968-க்கு முன். பஸ்ஸின் விலாவில் பல்லவன் என்று எழுதியிருந்தால் 1972 அல்லது அதற்குப் பிறகு. மாருதி 800 தலைகாட்டினால் 1983 டிசம்பருக்கு இந்தப் பக்கம். அப்படிப்பட்ட படத்தை அவர் பழைய படம் என்றே ஒப்புக்கொள்வதில்லை, முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கடற்கரைப் படம் என்றால் கலங்கரை விளக்கத்தைத் தேடுவார். மெட்ராஸ் விளக்கு ஓரிடத்தில் இருந்ததில்லை. 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் ஏற்றினார்கள். 1844-ல் கோட்டைக்கு வடக்கே தனிக் கல்தூண் நட்டார்கள். ஹைகோர்ட் எழும்பியதும் அதன் உச்சிக் கோபுரத்துக்கே 1894-ல் விளக்கு குடிபோயிற்று. இப்போது மெரினாவில் நிற்பது 1977-ல் வந்தது. கல்தூண் மட்டும் இன்னமும் ஹைகோர்ட் வளாகத்தில் கேஸ் கட்டு இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. வானத்தின் எந்த மூலையில் விளக்கு இருக்கிறது என்று பார்த்தே அவர் எந்த ஆட்சி என்று சொல்லிவிடுவார்.

நிழல் இன்னும் நுட்பமான சமாச்சாரம். மெட்ராஸில் சித்திரை பத்துக்கு மேலிருந்து ஆடி கடைசிவரை உச்சி வெயிலில் நிழல் தெற்கே சாயும். மற்ற மாதங்களில் வடக்கே. ஆகவே எதிர்வெயில் அடித்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இது கோடை என்றும், கட்டடத்தின் வாசல் இன்ன திசை என்றும் சொல்வார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். யாராவது வியந்தார்களா என்று.

சினிமா பேனர் கிடைத்துவிட்டால் அவருக்கு அன்று தீபாவளி. ஒருமுறை ஜெமினி மேம்பாலத்துக்குச் சாரம் கட்டியிருக்கும் படம் ஒன்று வந்தது. ஓரத்தில், பூதக்கண்ணாடிக்கு மட்டும் பிடிபடுகிற அளவுக்கு, ஒரு பேனர். அரைமணி நேரம் மூச்சு விடாமல் பார்த்துவிட்டு 'பாரத விலாஸ்' என்று அறிவித்தார். படம் வந்தது 1973. பாலம் திறந்தது 1973 ஜூலை. ஆக 1973-ன் முதல் பாதி. பக்கத்து ஃபிளாட்காரர் சும்மா இருக்காமல், "ரிலீசுக்கு ரொம்ப முன்னாடியே பேனர் வெச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டார்.

"நீங்க பேங்க்லதானே இருந்தேள்?" என்றார் ஜோசியர். விவாதம் அத்துடன் முடிந்தது.

அவருடைய பலவீனம் குவிமாடம். சிவப்புச் செங்கல், வளைவு, மேலே ஒரு குவிமாடம் இருந்தால் உடனே "ஹென்றி இர்வின்" என்பார். இல்லையென்று நிரூபித்தால் "அப்போ சிஷோம்" என்பார். இரண்டு பேரும் மெட்ராஸில் நிறையக் கட்டியது வாஸ்தவம். இர்வின் கையில் ஹைகோர்ட் முழுமை பெற்றது, சிஷோம் செனட் ஹவுஸைக் கட்டினார். ஆனால் ஒருமுறை சிமென்ட் கம்பெனி காலண்டரில் இருந்த ஒரு குவிமாடத்தைக் காட்டி, "இது மெட்ராஸ்ல எங்கே இருந்ததுன்னு இன்னும் பிடிபடலை, ஆனா இர்வின்தான்" என்று ஒரு வாரம் தூங்காமல் இருந்தார். காலண்டரின் பின்பக்கத்தில் மைசூர் என்று போட்டிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், மைசூர் அரண்மனையைக் கட்டியதும் இர்வின்தான். ஊர் போனாலும் ஆள் நின்றது என்று அதையும் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு ஜோசியருக்கும் ஒரு எதிர் ஜோசியர் உண்டு. இவருக்கு வாய்த்தவர் தெற்கு மாடவீதிக்காரர். இரண்டு பேரும் நாற்பது வருஷ நண்பர்கள். பழைய படம் ஒன்று நடுவில் வந்தால் மட்டும் ஜன்ம விரோதிகள். கபாலீசுவரர் கோயில் குளம் பற்றி நடந்த யுத்தத்தை நான் நேரில் பார்த்தேன்.

கண்ணாடித் தகட்டுக் காலத்துப் படம். குளம், படித்துறை, நீராழி மண்டபம். இடப்பக்கம் கோயில். குளம் கோயிலுக்கு மேற்கே இருப்பதால் கோயில் இருக்கும் பக்கம் கிழக்கு. கிழக்கு இடப்பக்கம் என்றால் கேமராக்காரன் தெற்குப் பார்த்து நிற்கிறான். ஆகவே வடகரையிலிருந்து எடுத்த படம். ஜோசியர் இதைப் பூமியில் கோடு போட்டே நிரூபித்தார். கிழக்கு ராஜகோபுரம் 1906-ல் எழும்பியது, இந்தப் படத்தில் அது தலை நீட்டவில்லை, ஆகவே படம் அதற்கும் முந்தையது என்றார். நிழல் வலப்பக்கம், அதாவது மேற்கே விழுகிறது, ஆகவே காலை நேரம் என்றும் சொல்லி முடித்தார்.

எதிர் ஜோசியர் எதையும் கேட்கவில்லை. "இது எங்க தெருப் பக்கத்துலேர்ந்து எடுத்தது. எங்க தாத்தா குளிச்ச படித்துறை எனக்குத் தெரியாதா?"

"தாத்தா குளிச்சதுக்கு நிழல் உண்டா?"

"உமக்குக் கண் உண்டா?"

காபி ஆறியது. மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்த வீட்டம்மா, டம்ளரை வைக்க இடமில்லாமல் படத்தைக் கையில் எடுத்தார். சற்று நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு அமாவாசையா?"

"என்னது?"

"இல்லை, படித்துறையில நிக்கறவா அத்தனை பேருக்கும் பூணூல் வலது தோள்ல கிடக்கறதே. தர்ப்பணம் பண்றவாதான் அப்படி மாத்திப் போட்டுப்பா. சரி, எல்லாரும் தர்ப்பணம் பண்றாள்னு வெச்சுண்டாலும் இதோ குடத்துல ஜலம் மொண்டுண்டு போறவரும் அப்படியே போறாரே?"

இரண்டு ஜோசியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்கும். அச்சுப் போடுகிறவன் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். எழுத்துப் பலகை ஏதாவது படத்தில் இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். குளத்தங்கரையில் ஏது பலகை? பூணூல்தான் இருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தால் கோயில் வலப்பக்கம் போய்விட்டது, கேமரா தென்கரைக்கு வந்துவிட்டது, தாத்தா ஜெயித்துவிட்டார்.

ஜோசியர் காபியை ஒரே மூச்சில் குடித்தார். நிழலும் இடம் மாறியிருந்தது, ஆனால் வடக்குப் பார்த்து நிற்கிறவனுக்கு இடப்பக்கம்தான் மேற்கு. "காலை நேரம்னு நான் சொன்னது எப்படித் திருப்பினாலும் நிக்கறது பார்த்தேளா?" என்றார். அந்த அம்மாளிடம் அதற்கு முன்னும் யாரும் ஒரு படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டதில்லை. அதற்குப் பின்னும் கேட்கவில்லை. எனக்கென்னவோ அந்த வீட்டில் ஜோசியம் தெரிந்தவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

இவரோடு ஆட்டோவில் போவது தனி அனுபவம். "சஃபையர் எதிர்ல நிறுத்துப்பா" என்பார். சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டரோடு 1964-ல் திறந்து 1994-ல் மூடிவிட்ட இடம் அது. ஓட்டுகிற பையன் அதற்குப் பிறகு பிறந்தவன். "லொகேஷன் போடுங்க சார்" என்பான். "உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தாண்டி" என்று இவர் உதவிக்கு இன்னொன்று சொல்வார். காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம் என்று 1962-ல் திறந்த அந்த ஹோட்டல் 2008-ல் மூடி, இடம் செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. பையன் இவை இரண்டையும் வெளியூர்ப் பெயர்கள் என்று நினைத்து, மீட்டருக்கு மேல் கேட்பான்.

பையனும் யோக்கியன் இல்லை. அவனே இன்னொரு சவாரியிடம் "ஜெமினியாண்ட விட்டுர்றேன்" என்று சொல்வான். வாசன் படம் எடுத்த ஸ்டூடியோவை அவன் அப்பாகூட உள்ளே போய்ப் பார்த்திருக்கமாட்டார். கோடம்பாக்கத்தில் லிபர்ட்டி தியேட்டர் போய்விட்டது, லிபர்ட்டி ஸ்டாப்பில் ஜனங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த ஊரில் கட்டடத்தை இடிக்கலாம், கண்டக்டர் வாயிலிருந்து எடுக்க முடியாது. ஜோசியருக்கு முற்றிவிட்டது, மற்றவர்களுக்கு லேசாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நிற்கிற கட்டடத்தில் அவருக்குத் துளி ருசி கிடையாது. ஓமந்தூரார் வளாகத்தில் கவர்மென்ட் ஹவுஸ் நின்றுகொண்டிருந்த காலமெல்லாம் அதன் எதிரே பஸ்ஸுக்கு நின்றவர் இவர். ஒருநாள் நிமிர்ந்து பார்த்ததில்லை. புதிய சட்டமன்றத்துக்காக அதை இடித்தார்கள். அந்தச் சட்டமன்றமும் 2014-ல் ஆஸ்பத்திரியாகிவிட்டது. இடித்த பிறகு, அந்த மாளிகையில் எத்தனை தூண் என்று கேட்டால் இவர் தூக்கத்தில் சொல்வார். ஸ்பென்சர் 1983-ல் எரிந்தது, மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. இரண்டைப் பற்றியும் இவர் பேச்சைக் கேட்டால் சாம்பலைத்தான் காதலிக்கிறாரோ என்று தோன்றும். இன்றைக்கும் எத்தனையோ பழைய மாளிகைகள் அரசமரம் முளைத்து, கூரை ஒழுகி, கடைசி மூச்சில் இருக்கின்றன. ஏதாவது ஒன்றைக் காப்பாற்ற ஒரு மனு எழுதுவோம், கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். "எழுதலாம், எழுதலாம்" என்பார். நல்ல ஃபோட்டோ ஒன்று இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்.

இன்னொன்று அவர் குற்றமில்லை, கேமராவின் குற்றம். வீலே அண்ட் க்ளைன் மாதிரி ஸ்டூடியோக்காரர்கள் போஸ்ட் கார்டு விற்கப் படம் எடுத்தவர்கள். துரைமார்கள் ஊருக்கு அனுப்ப எது ஆசைப்படுவார்களோ அந்தப் பக்கம்தான் கேமரா திரும்பியது. ஆபீஸ், தேவாலயம், கிளப், குவிமாடம். ஜோசியர் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் புளியந்தோப்புக்காரர். ஒருநாள் பெருக்கிக்கொண்டே, "எங்க ஏரியா படம் இருக்கா சார்?" என்று கேட்டார். ஜோசியர் உற்சாகமாகி, இருக்கிற அட்டைப்பெட்டியெல்லாம் கவிழ்த்து, பி அண்ட் சி மில்லின் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அந்த அம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "இது மில்லு சார். எங்க ஏரியா மில்லுக்குப் பின்னாடி."

ஜோசியர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை அட்டைதான்.

எப்படியோ, போன வருஷம்வரை சில்லறைச் சண்டைகளோடு தொழில் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அப்புறம் பேரனுக்குப் பொழுது போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏஐ-யிடம் பழைய மெட்ராஸ், மழை, டிராம் என்று நாலு வார்த்தை சொல்லி ஒரு படம் செய்து தாத்தாவின் போனுக்கு அனுப்பிவைத்தான். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

ஜோசியர் சாப்பாட்டை மறந்தார். அப்படி ஒரு கட்டடத்தை அவர் ஜன்மத்தில் பார்த்ததில்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் சாயலில் மணிக்கூண்டு, ரிப்பன் மாளிகை சாயலில் வெள்ளைச் சுவர், எழும்பூர் ஸ்டேஷன் சாயலில் குவிமாடம். இப்படி மூன்றும் சேர்ந்த ஒன்று யார் கண்ணிலும் படாமல் இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது? இரவோடு இரவாக எதிர் ஜோசியருக்குப் போன் போயிற்று. கடைப் பலகையில் இருந்த எழுத்து தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. "பழைய தெலுங்கு" என்றார் ஒருவர். "மராட்டிக்காரா எழுதற மோடி" என்றார் மற்றவர். வண்டிக் குதிரைக்கு ஐந்து கால் இருந்தது. இதைப் பேரன்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுட்டிக்காட்டினான்.

"அந்தக் காலத்து எக்ஸ்போஷர்டா. குதிரை அசைஞ்சிருக்கு" என்றார் தாத்தா.

நாற்பது வருஷ நட்பில் முதல்முறையாக இருவரும் ஒரு படத்தைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்தார்கள். இடம் பார்க் டவுன். காலம் 1913-ஐ ஒட்டி, ரிப்பன் மாளிகை திறந்த சமயம். மூர் மார்க்கெட்டுக்குப் பின்பக்கமாக இருந்திருக்க வேண்டும். கட்டியது இர்வின், அல்லது அவரிடம் வேலை பழகிய யாரோ. இனிக் கள ஆய்வு ஒன்றுதான் பாக்கி.

பேரனையும் இழுத்துக்கொண்டு மறுநாள் காலை போய் இறங்கினார்கள். சப்வேக்கு இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் அளந்து பார்த்தார்கள். நிழல் பார்த்தார்கள். போனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. பேரனுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. இரண்டு கிழவர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். கடைசியில் ஒரு டீக்கடை முன்னால் நின்று, ஜோசியர் போனை நீட்டினார்.

"இங்க மணிக்கூண்டு வெச்ச பெரிய கட்டடம் ஒண்ணு இருந்ததேப்பா, உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இருந்துச்சு சார். மெட்ரோவுக்கு இடிச்சிட்டாங்க. மூணு டீக்கும் சர்க்கரை போடலாமா?"